நடக்கத் தெரிந்தவரின் சக்கர நாற்காலி

டைம்கீப்பருக்குக் கால்களில் ஒரு குறையும் இல்லை. எழுபத்திரண்டு வயதிலும் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பார். மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்காது. ஆனாலும் எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும், விமானத்தின் கதவைத் தாண்டியதும் அவர் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு சக்கர நாற்காலி காத்திருக்கும்.

பிள்ளைகள் செய்த ஏற்பாடு அது. டிக்கெட் போடும்போது ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் போதும், ஆள் ஒருவர் வந்து உட்காரவைத்து, வரிசைகளையெல்லாம் தாண்டித் தள்ளிக்கொண்டுபோய், வெளியே காத்திருக்கும் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுவார்.

"எனக்கு என்னடா கேடு? நடந்தே வரேனே" என்று முதல் தடவை மூத்தவனிடம் சண்டை போட்டார்.

"உங்களுக்கு அந்த ஊர் பாஷை தெரியாதுப்பா. எங்கயாவது வழி மாறிப் போயிட்டா நாங்க எங்கன்னு தேடுறது? பேசாம உக்காந்துக்குங்க. பார்சல் மாதிரி பத்திரமா வந்து சேர்ந்துடுவீங்க."

மூத்தவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். டைம்கீப்பரும் சிரித்துவைத்தார்.

அவர் ஒரு பேருந்து நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் நேரக்காப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று குறித்துவைத்து, விசில் ஊதி வண்டியை அனுப்புவது வேலை. ஓட்டுநர், நடத்துநர், டீக்கடைக்காரர் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். கட்டிய மனைவியே கோபம் வந்தால் "வாங்க டைம்கீப்பரே, சோறு ஆறி அரை மணி ஆச்சு" என்பாள். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. காரியம் முடிந்த பதினாறாம் நாள் பிள்ளைகள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசி, அப்பாவைத் தனியாக விடக்கூடாது என்று முடிவு செய்தார்கள். மூத்தவன் ஒரு நாட்டில், மகள் ஒரு நாட்டில், இளையவன் ஒரு நாட்டில். ஆளுக்கு நாலு மாதம். கணக்கு சரியாகப் பன்னிரண்டு வந்தது. வீட்டைக் காலி செய்தார்கள். அவருடைய உடைமை ஒரு பெரிய பெட்டி, ஒரு கைப்பை என்று சுருங்கியது.

மூன்று வருடத்தில் ஒன்பது பயணம். இந்த வயதில் இத்தனை விமான நிலையங்களைப் பார்த்த ஓய்வுபெற்ற நேரக்காப்பாளர் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவருக்கே சில சமயம் தோன்றும். பார்த்ததெல்லாம் இடுப்பு உயரத்திலிருந்து. பெல்ட்டுகள், கைப்பைகளின் ஜிப்புகள், முழங்கைகள். முகம் என்று நேருக்கு நேர் பார்ப்பது குழந்தைகளை மட்டும்தான். ஏதோ நம்ம ஆள் என்பதுபோல அவை அவரை முறைத்துப் பார்த்துக்கொண்டே போகும். அதிகாரிகள் அவரிடம் பேசுவதே இல்லை. தலைக்கு மேலே, தள்ளுகிற ஆளிடம் கேட்பார்கள். பாஷை புரியாவிட்டாலும் கேள்வி புரியும். எழுந்து நிற்பாரா? காது கேட்குமா?

மூத்தவன் ஊர் விமான நிலையத்தில் தரை முழுக்கக் கம்பளம். ஆயிரம் பேர் நடந்தாலும் காலடிச் சத்தம் கேட்காது. துக்க வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். மகள் ஊரில் தரை கண்ணாடி போலப் பளபளக்கும், நாலாபுறமும் சென்ட் வாசனை மூக்கைத் துளைக்கும். இளையவன் ஊருடையது சின்னது. பெட்டி வரும் பட்டை ஒன்றே ஒன்று, அதுவும் கிழட்டு மாடு மாதிரி நின்று நின்றுதான் நகரும். பேருந்து நிலையத்துக்கும் இவற்றுக்கும் அவர் கண்டுபிடித்த பெரிய வித்தியாசம் அழுகை. பேருந்து ஏற்றிவிட வந்தவர்கள் ஜன்னல் வழியாக வாழைப்பழம் கொடுத்துவிட்டு, வண்டி கிளம்பும்வரை வாயடித்துவிட்டுப் போவார்கள். இங்கே போகும்போதும் அழுகிறார்கள், வரும்போதும் அழுகிறார்கள். அவரைப் பார்த்து யாரும் அழுததில்லை. "பிளைட்ல தூங்குனீங்களாப்பா?" என்பார்கள். அவ்வளவுதான்.

எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி ஏற வேண்டும். உள்ளுக்குள்ளேயே ரயில் ஓடுகிற அளவுக்குப் பெரியது. அங்கே சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று ஒரு தனி அறை. அடுத்த விமானம் வரும்வரை அங்கே வரிசையாக நிறுத்திவைப்பார்கள். எல்லாம் அவரைப் போன்ற கிழடுகள். வாய் திறந்து தூங்குகிறவர்கள், சுவரைப் பார்க்கிறவர்கள். அந்த அறையில் நான்கு மணி நேரம் உட்காருவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

ஒன்பதாவது பயணம், மூத்தவன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு. காலை ஒன்பது மணிக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தள்ளுகிறவர் போனார். பக்கத்து நாற்காலியில் அறுபத்தைந்து வயது இருக்கும் ஒரு அம்மாள். பருத்திச் சேலை, மேலே ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு. அவருடைய கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல நரம்பு" என்றாள், தமிழில்.

டைம்கீப்பர் திடுக்கிட்டார். "என்னம்மா?"

"உங்க கையைச் சொன்னேன் சார். ஊசி போட்டா ஒரே குத்துல கிடைக்கும். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுத்தேன். யாரைப் பார்த்தாலும் முதல்ல கைதான் கண்ணுல படும். மூஞ்சி அப்புறம்தான்."

"நல்லவேளை, கையாவது தேறிச்சே" என்றார் அவர்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே தூங்கிக்கொண்டிருந்த கிழவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

லேப்காரம்மாவுக்கு இரண்டு மகன்கள். பெரியவனிடம் ஆறு மாதம், சின்னவனிடம் ஆறு மாதம். பெரியவன் வீட்டில் மருமகள் வேறு பாஷைக்காரி. நல்ல பெண்தான், ஆனால் இருவரும் பேசிக்கொள்வது கை ஜாடையில். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழில் 'பாட்டி' என்ற ஒரு சொல் தெரியும். அதையும் 'பாத்தி' என்பார்கள். மகன் காலையில் போனால் இருட்டிய பிறகு வருவான்.

"ரெண்டு மாசம் ஆச்சு சார் நான் சத்தமா தமிழ் பேசி. குழாயைத் திறந்துவிட்டுட்டு நானா பேசிப் பார்த்துக்குவேன், குரல் இருக்கா போச்சான்னு."

டைம்கீப்பர் அவள் கால்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கால்ல என்ன பிரச்சினைம்மா உங்களுக்கு?"

அவள் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணும் இல்ல. உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணும் இல்ல."

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசல் மேசையில் இருந்த பணிப்பெண் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முதலில் எழுந்தது லேப்காரம்மாதான். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனாள். டைம்கீப்பர் பின்னாலேயே போனார்.

எழுந்து நின்று பார்த்தபோது அந்த விமான நிலையமே வேறாக இருந்தது. இத்தனை முறை வந்தும் அவர் பார்க்காத ஒரு கூரை மேலே இருந்தது, கப்பலைக் கவிழ்த்துவைத்த மாதிரி. மனிதர்களுக்கு முகம் இருந்தது. பெரிய அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று, தன் விமானத்தையும் அவளுடையதையும் தேடிப் பார்த்தார். அவளுக்குப் பன்னிரண்டரை. அவருக்கு ஒன்று பத்து, ஆனால் இருபது நிமிடத்துக்கு முன்பே கதவை அடைத்துவிடுவார்கள். மனதுக்குள் கணக்குப் போட்டார். "தாராளமா நேரம் இருக்கு. நான் பார்த்துக்கறேன். இருபத்தொம்பது வருஷத்துல ஒரு வண்டியைக்கூட நான் லேட்டா அனுப்பினதில்ல."

அவர்கள் நடந்தார்கள். கடைகளை வேடிக்கை பார்த்தார்கள். பொம்மைக்குப் போட்டிருந்த ஒரு கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தத் துணிக்கா இவ்வளவு அலப்பறை?" என்று லேப்காரம்மா உதட்டைப் பிதுக்கினாள். காகிதக் கோப்பையில் டீ வாங்கி, ஓடுபாதை தெரியும் கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார்கள். அவர் தன் மனைவி நோயில் கிடந்த ஐந்து வாரங்களைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகளிடமும் சொல்லாத விஷயம். கடைசி நாள் அவள், மருந்துக்கு நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டாள். மணி நாலே கால். "இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும்" என்று இவர் அவளுக்கு மருந்து கொடுக்காமல் இருந்தார், ஐந்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பதால். ஐந்துக்கு அவள் இல்லை.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார்" என்றாள் லேப்காரம்மா. "அந்த நிலைமைல முக்கால் மணி முன்னாடி குடுத்தா மட்டும் என்ன ஆயிருக்கும்? நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். விடுங்க."

அவளுடைய தொழில்காரக் குரல் அது. 'விடுங்க' என்று யாராவது சொல்லத்தான் இத்தனை நாள் காத்திருந்தது போல அவருக்கு இருந்தது. டீயை ஒரு வாய் குடித்தார்.

அவள் ஏற வேண்டிய வாசல் மறு கோடியில் இருந்தது. உள்ளே ஓடும் ரயிலில் போக வேண்டும். ஆளில்லாமல் ஓடுகிற வண்டி என்று அவள் பயந்தாள். அதனால் அவரும் கூடப் போனார். போய்ச் சேர்ந்தபோது அங்கே கூட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பலகையில் அவளுடைய விமானத்துக்கு எதிரே புதிய நேரம்: ஒன்று ஐந்து.

டைம்கீப்பர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு பத்து. இப்போது கிளம்பினால் தன் வாசலுக்குத் தாராளமாகப் போய்விடலாம்.

"நீங்க கிளம்புங்க சார். உங்களுக்கு நேரம் ஆகலையா?"

"இருக்கு, இருக்கு" என்றார்.

பன்னிரண்டு இருபது. இப்போதும் போகலாம். அவள் சின்ன மகன் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே தனக்கென்று ஒரு அறை உண்டு, ஆனால் அதில்தான் துணி துவைக்கும் இயந்திரமும் இருக்கிறது. அது சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து ஆடும். "சும்மா சொல்லக் கூடாது, தொட்டில்ல போட்ட மாதிரி நல்லா தூக்கம் வரும்" என்றாள். பன்னிரண்டு முப்பது. ஓடினால் பிடிக்கலாம். பன்னிரண்டு நாற்பதுக்கு ஒலிபெருக்கியில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். உடைத்து, நசுக்கி, எந்த ஊர்ப் பெயரோ மாதிரி ஆக்கியிருந்தார்கள். ஆனாலும் அவருக்குத் தெரிந்தது. மறுபடி கூப்பிட்டார்கள்.

"யாரையோ ரொம்ப நேரமா கூப்பிடுறாங்க. பாவம்" என்றாள் லேப்காரம்மா.

"எவனாவது சோம்பேறியா இருப்பான்" என்றார் டைம்கீப்பர்.

அவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிப் போவதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருப்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது. எழுந்திருக்க மட்டும் மனம் வரவில்லை.

அவளுடைய விமானத்துக்கு அழைத்தபோது இருவரும் எழுந்தார்கள். "மறுபடி எப்போ சார் இந்தப் பக்கம்?"

அவருடையது நாலு மாதச் சுற்று, அவளுடையது ஆறு மாதச் சுற்று. "ரெண்டும் சேர்ந்து வரணும்னா அடுத்த வருஷம் இதே மாசம்தான். அதுவும் தேதி ஒத்து வரணும்."

"பார்க்கலாம். உடம்பைப் பார்த்துக்குங்க" என்றாள். போன் நம்பர் கேட்கலாமா என்று அவர் நினைத்தார். இந்த வயதில் கேட்டால் என்ன நினைப்பாளோ. அதற்குள் அவள் வரிசையில் நகர்ந்துவிட்டாள். வாசலில் இருந்த பெண் தன் தாளைப் பார்த்துவிட்டு, சக்கர நாற்காலி எங்கே என்று கையால் கேட்டாள். லேப்காரம்மா தன் கால்களைக் காட்டி, இரண்டு எட்டு எடுத்துவைத்துக் காட்டினாள். பிறகு திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மகளின் ஊரில் அன்று நடந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. சக்கர நாற்காலிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றிலும் அப்பா இல்லை. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் போன் போட்டிருக்கிறாள். நடுவழி விமான நிலையத்தின் உதவி மேசைக்காரர்கள் அவளுக்குத் தகவல் சொல்லி முடிக்கவே மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அடுத்த விமானம் பிடித்து மறுநாள் காலை அவர் போய் இறங்கினார். இந்தத் தடவை அவரைப் பார்த்து ஒருத்தி அழுதாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்னப்பா ஆச்சு? எங்க போனீங்க?"

தெரிந்தேதான் விட்டேன் என்று எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாத ஒரு அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று பெற்ற மகளிடம் எப்படிச் சொல்வது? "பாத்ரூம் போனேன். வழி தெரியாம போயிடுச்சும்மா" என்றார்.

அந்த ஒரு பொய் அவரைப் பிடித்துக்கொண்டது. அன்று மாலை மகள் போனை ஸ்பீக்கரில் போட, மூன்று பிள்ளைகளும் ஒன்றாகப் பேசினார்கள். டைம்கீப்பர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

"அம்மா போனதுலேருந்தே அப்பாவுக்கு மறதி ஜாஸ்திதான்" என்றான் மூத்தவன்.

"இனிமே தனியா அனுப்பக் கூடாது" என்றான் இளையவன். "யாராவது ஒருத்தர் வீட்லயே நிரந்தரமா இருக்கட்டும்."

அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தின் நீளம் எவ்வளவு என்று குறிக்கச் சொன்னால் டைம்கீப்பர் நொடிக்கணக்கில் சொல்லியிருப்பார்.

மறு வாரம் மகள் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருத்துவர் கேட்க, மகள் தமிழில் சொல்ல, அவர் பதில் சொன்னார். கிழமை, தேதி, வருடம் எல்லாம் சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள். மருத்துவரைவிட வேகமாகக் கழித்தார். பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்கள். நொடி முள் உள்பட வரைந்து கொடுத்தார். மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"வீட்டு அட்ரஸ் கேக்கறாங்கப்பா."

டைம்கீப்பர் வாயைத் திறந்தார். மூத்தவன் வீட்டு எண் ஞாபகத்தில் இருந்தது. மகள் வீட்டுத் தெருவின் பெயரும் தெரியும். காலி செய்த வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

"எந்த வீட்டோடதும்மா?" என்றார்.

மகள் அதை மருத்துவரிடம் மொழிபெயர்க்கவில்லை. மருத்துவர் காத்திருந்து பார்த்துவிட்டு, தாளில் ஏதோ எழுதினார்.

நாலைந்து நாள் கழித்து, மகள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது டைம்கீப்பர் எதிரே போய் உட்கார்ந்து உண்மையைச் சொன்னார். நரம்பிலிருந்து ஆரம்பித்து, ஒலிபெருக்கியில் தன் பெயர் கேட்டதுவரை ஒன்றுவிடாமல். மகள் கையில் ஒரு சட்டையோடு அப்படியே நின்றாள்.

"எங்க எல்லாரையும் ஒரு நாள் முழுக்க அழ வெச்சீங்களேப்பா!"

"தப்புதாம்மா."

"யாரு அந்தம்மா? பேரு என்ன?"

"கேக்கல."

"நம்பர்?"

"வாங்கல."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம் போய் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது. "நம்ம வீட்ல நீங்க யார்கிட்டப்பா பேசுறீங்க?"

"உங்கிட்ட பேசுறேனேம்மா."

"சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு நான் கேக்கறேன். போட்டேன்னு நீங்க சொல்றீங்க." அவள் சட்டையை மடியில் வைத்துத் தேவையில்லாமல் நீவிக்கொண்டிருந்தாள். "அம்மா கடைசி நாள் பத்தி அவங்ககிட்ட சொன்னீங்கல்ல. என்கிட்டயும் சொல்லுங்க."

அவர் சொன்னார். இரண்டாவது தடவை சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அவள் 'விடுங்க' என்று சொல்லவில்லை. அழுதாள். அழுது முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள். அதன் பிறகு ஒரு வாரம் மாலையில் அவரோடு நடக்க வந்தாள். அடுத்த வாரம் அலுவலகத்தில் வேலை கூடிவிட்டது. அவர் தனியாக நடந்தார். அவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் ஒருத்திதானே, எத்தனைக்குத்தான் மாரடிப்பாள்?

ஆனால் ஒன்று செய்தாள். அண்ணனிடமும் தம்பியிடமும் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னாள். காரணத்தைச் சொல்லவில்லை. நாலு மாதம் முடிந்து இளையவன் வீட்டுக்கு டிக்கெட் போட்டபோது, சக்கர நாற்காலிக் கட்டத்தை டிக் அடிக்காமல் விட்டாள்.

பத்தாவது பயணத்தில் டைம்கீப்பர் நடந்தார். வரிசைகளில் நின்றார். பலகையை அண்ணாந்து பார்த்தார். நடுவழி விமான நிலையத்தில் அந்த அறையின் வாசலில் ஒருமுறை நின்று எட்டிப் பார்த்தார். அவள் வருகிற மாதம் இல்லை என்று நன்றாகத் தெரியும். ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை. டீ வாங்கிக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே தன் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இளையவன் ஊரில் பெட்டி வந்து சேர வழக்கம்போல நேரமானது. பெட்டியைத் தானே இறக்கி, இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். இளையவன் கம்பிக்கு அந்தப் பக்கம், காதில் போனோடு நின்றிருந்தான். டிக் அடிக்காததை அக்கா அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு சக்கர நாற்காலியாகக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டைம்கீப்பர் நேராக நடந்து அவன் பக்கத்தில் போய் நின்றார். அவன் கவனிக்கவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. தன்னைத் தேடுகிற மகனை அவர் இதற்குமுன் இத்தனை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. காதோரம் நரை விழுந்திருந்தது. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் கடிப்பது போலவே.

கடைசி நாற்காலியும் போனபின் அவன் முகம் வெளிறியது. அப்போதுதான் டைம்கீப்பர் அவன் தோளைத் தொட்டார்.

"அப்பா! எங்கேருந்து வந்தீங்க? வீல்சேர் எங்க?"

"நடந்து வந்தேன்டா."

அவன் நம்பாமல் அவருடைய கால்களைப் பார்த்தான். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டான். காரை நோக்கி நடக்கும்போதே அவனுடைய போன் மறுபடி அடித்தது. அவன் பேசிக்கொண்டே முன்னால் போனான். டைம்கீப்பர் அவனுக்கு ஈடுகொடுத்துப் பின்னால் நடந்தார்.